வாரியத்தில் யார் படிக்க வேண்டியதில்லை?

நியூ ஜெர்சியின் பெர்னார்ட்ஸ் டவுன்ஷிப்பில் 2012இல் ஒரு மசூதி கட்ட அனுமதி கேட்டு மனு போடப்பட்டது. மனு போட்ட அமைப்பின் தலைவர் முகமது அலி சௌத்ரி, அதே டவுன்ஷிப்பின் மேயராக முன்பு இருந்தவர். ஊரின் பிளானிங் போர்டு 39 முறை பொது விசாரணைக்கு உட்கார்ந்தது. மூன்றரை ஆண்டுக்கு மேல் இழுத்த பிறகு, 2015 டிசம்பரில் மனு நிராகரிக்கப்பட்டது. அடுத்த ஒன்றரை ஆண்டுக்குள் 32.5 லட்சம் டாலருக்கு ஒத்துக்கொண்டு, மனுதாரரும் மத்திய அரசும் தொடுத்த வழக்குகளை டவுன்ஷிப் முடிக்க வேண்டியதாயிற்று. சமரசத்தோடு வந்த கட்டளைகளில் ஒன்று, டவுன்ஷிப்பின் அதிகாரிகளுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது.

பிளானிங் போர்டு உறுப்பினர்களுக்குப் பயிற்சி கட்டாயம் என்ற சட்டம் நியூ ஜெர்சியில் 2005ஆம் ஆண்டே இயற்றப்பட்டது. பத்தாண்டுக்கு மேல் ஒரு பயிற்சிச் சட்டம் நடப்பில் இருந்த மாநிலத்தில், ஒரு டவுன்ஷிப்புக்குப் பயிற்சி கொடு என்று மத்திய அரசு வந்து சொல்லவேண்டிய நிலை ஏன் வந்தது? இதற்கு விடை காண, வாரியம் என்பது என்ன, சட்டம் அதன் உறுப்பினரிடம் எதைக் கேட்கிறது, யாரைக் கேட்காமல் விடுகிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. கடைசிக் கேள்விதான் என்னை அதிகம் உறுத்துவது.

தமிழ்நாட்டில் மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் வாங்க அலைந்தவருக்கு டிடிசிபி, சிஎம்டிஏ என்ற பெயர்கள் மனப்பாடம். கோப்பு அதிகாரிகளின் மேசைகளுக்கிடையே நகரும். ஒப்புதல் தருபவரும் மறுப்பவரும் அரசுச் சம்பளம் வாங்குபவர்கள். அமெரிக்காவின் சிறு நகரங்களில் நடைமுறை வேறு. அங்கே இந்த முடிவை எடுப்பவர்கள் பெரும்பாலும் ஊர்க்காரர்கள். பகலில் பள்ளிக்கூடம், கடை, அலுவலகம் என்று தத்தம் வேலையைப் பார்த்துவிட்டு, மாலையில் நகராட்சிக் கட்டடத்துக்கு வந்து, பொதுமக்கள் முன்னிலையில் வரைபடங்களை விரித்துவைத்து விசாரிக்கிறவர்கள். பெரும்பாலோருக்கு ஊதியம் கிடையாது. நியூ ஜெர்சியில் குடியேறிய தமிழர்கள் இந்த வாரியத்தை முதலில் சந்திப்பது வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கூட்டிக் கட்டும்போதோ, கோயிலுக்குக் கூடுதல் பார்க்கிங் கேட்கும்போதோதான்.

இந்த ஏற்பாட்டின் வேர் நூறாண்டு பழையது. நியூயார்க் நகரம் 1916இல் எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம் என்று வகுக்கும் ஜோனிங் விதிகளை நகர் முழுவதற்கும் கொண்டுவந்தது. 1920களில் ஹெர்பர்ட் ஹூவர் வர்த்தக அமைச்சராக இருந்தபோது, மாநிலங்கள் பார்த்து எழுதிக்கொள்ள வசதியாக மாதிரிச் சட்டங்களை அவருடைய துறை வெளியிட்டது. ஓஹயோவின் யூக்ளிட் கிராமம் தொடர்பான வழக்கில் 1926இல் உச்ச நீதிமன்றம், இந்த நிலத்தில் இன்னதைத்தான் கட்டலாம் என்று ஊர் சொல்வது அரசியல் சட்டத்துக்கு உட்பட்டதே என்று தீர்ப்பளித்தது. தனியார் நிலத்தின் மீது இவ்வளவு பெரிய அதிகாரத்தை ஊராட்சிக்குக் கொடுத்த அந்தக் காலத்துச் சட்டங்கள், அதைக் கையாளுபவர் கொஞ்சம் படித்திருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. நல்ல குடிமக்கள் நல்ல முடிவெடுப்பார்கள் என்ற நம்பிக்கை அவற்றின் அடியில் இருந்தது. அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை. ஆனால் சட்டம் அப்போதிருந்ததைப்போல எளிமையாக இப்போது இல்லை.

எவ்வளவு எளிமையாக இல்லை என்பதற்கு நியூ ஜெர்சியே போதும். அங்கே 564 நகராட்சிகள். அவற்றின் நிலப் பயன்பாட்டு முடிவுகளுக்கெல்லாம் அடிப்படை, 1975இல் நிறைவேறி அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நடப்புக்கு வந்த நகராட்சி நிலப் பயன்பாட்டுச் சட்டம். அதன்படி பிளானிங் போர்டில் ஏழு அல்லது ஒன்பது பேர். அவர்கள் நான்கு வகுப்பாகப் பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். முதல் வகுப்பு மேயர் அல்லது அவர் தம் இடத்தில் அனுப்புகிறவர். இரண்டாம் வகுப்பு நகராட்சியில் பொறுப்பு வகிக்கும் ஒருவர். மூன்றாம் வகுப்பு ஆளும் மன்றமான கவுன்சிலின் உறுப்பினர் ஒருவர். மற்றவர்கள் நான்காம் வகுப்பு: ஊரின் சாதாரணக் குடிமக்கள். இந்த வகுப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பயிற்சியிலிருந்து யார் தப்புகிறார்கள் என்ற கதை இதில்தான் இருக்கிறது.

வாரியத்தின் முன் வரும் மனுவுக்குக் கெடு உண்டு. மனு முழுமையாக இருக்கிறதா என்பதை 45 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். பெரிய திட்டம் என்றால் 95 நாள், விதித்தளர்வு கேட்டிருந்தால் 120 நாள். மனுதாரர் கெடுவை நீட்டிக்க ஒப்புக்கொள்ளாமல், வாரியமும் முடிவெடுக்காமல் இருந்தால், அனுமதி தரப்பட்டதாகவே சட்டம் கொள்ளும். நாட்காட்டியைப் பார்க்கத் தெரியாத வாரியம், தான் விரும்பாத கட்டடத்துக்கு வாய் திறக்காமலே அனுமதி கொடுத்துவிட முடியும் என்பது இதன் பொருள்.

விசாரணைக்குப் பத்து நாள் முன்பாக, மனையிலிருந்து 200 அடிக்குள் சொத்து வைத்திருப்பவர்களுக்கெல்லாம் அறிவிப்புப் போயிருக்க வேண்டும். சாட்சிகள் உறுதிமொழி எடுத்துக்கொண்டு பேச வேண்டும். எதிர்ப்பவருக்குக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை உண்டு. நடப்பதெல்லாம் பதிவாக வேண்டும். ஒரு நாள் விசாரணைக்கு வராத உறுப்பினர், அந்த நாளின் பதிவைக் கேட்டதாகவோ எழுத்துப்படியைப் படித்ததாகவோ எழுதிக் கையெழுத்திட்ட பிறகே ஓட்டுப் போடலாம். முடிவைக் காரணங்களோடும் கண்டறிந்த உண்மைகளோடும் தீர்மானமாக எழுதி வைக்க வேண்டும். தமக்கோ தம் குடும்பத்துக்கோ பணத்தாலோ வேறு வகையிலோ சம்பந்தமுள்ள மனு வந்தால் உறுப்பினர் எழுந்து போய்விட வேண்டும்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் வாரிய உறுப்பினரின் வேலை பாதி நகரமைப்பு, பாதி நீதிபதியின் வேலை என்பது புரியும். விதித்தளர்வு கேட்டு வருபவருக்கு இது இன்னும் கூர்மையாகும். தளர்வுக்கு ஆதரவான காரணம் இருப்பது மட்டும் போதாது. பொதுநலனுக்குப் பெரிய கேடு விளையாது, ஊரின் ஜோனிங் திட்டத்தின் நோக்கம் குலையாது என்பதும் நிறுவப்பட வேண்டும். அரங்கம் நிறைய எதிர்ப்பாளர்கள் கூடினார்கள் என்பது இந்த இரண்டில் எதற்கும் ஆதாரமாகாது. புதிதாக வந்த ஓர் உறுப்பினர் இதை ஊகித்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வரிசையாக வந்து மனம் நொந்து பேசும்போது அவர்கள் பக்கம் சாய்வதே மனித இயல்பு. அந்த இயல்பை எங்கே நிறுத்திவைக்க வேண்டும் என்பது கற்றுத்தான் வரும்.

2005இல் வந்த பயிற்சிச் சட்டம் கேட்டது அதிகமில்லை. முதன்முறையாக நியமிக்கப்படும் உறுப்பினர், மாற்று உறுப்பினரானாலும் சரி, பதவியேற்ற 18 மாதத்துக்குள் நிலப் பயன்பாட்டுச் சட்டத்திலும் நகரமைப்பிலும் ஓர் அடிப்படை வகுப்பை முடிக்க வேண்டும். முடிக்க ஒப்புக்கொண்டால்தான் இருக்கையே. தவறினால் அந்த இருக்கை போய்விடும். விதித்தளர்வு மனுக்களைக் கேட்கும் ஜோனிங் போர்டுக்கும் மாவட்ட வாரியங்களுக்கும் இதே விதி. வகுப்பு ஐந்து மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது என்றும் சட்டமே வரம்பு கட்டியது. ஒரு முறை முடித்தால் போதும், ஆண்டுதோறும் வர வேண்டாம்.

18 மாதம் என்ற கெடுவின் மீது எனக்குக் குறை உண்டு. அந்த இடைவெளியில் புது உறுப்பினர் எத்தனையோ மனுக்களுக்கு ஓட்டுப் போட்டிருப்பார். கென்டக்கியில் நான்கு மணி நேர அறிமுகப் பயிற்சியை நியமனத்துக்கு முந்தைய ஓர் ஆண்டுக்குள், அல்லது நியமனமாகி 120 நாளுக்குள் முடித்தாக வேண்டும். அதற்கு மேல் இரண்டாண்டுக்கு எட்டு மணி நேரம் தொடர்பயிற்சி. சம்பளம் வாங்கும் நகரமைப்பு ஊழியர்களுக்கு இவை இரட்டிப்பு: எட்டு மணி நேரமும் பதினாறு மணி நேரமும். வேலை கனமானால் படிப்பும் கனமாக வேண்டும் என்ற நேரான கணக்கு அது.

இனி நியூ ஜெர்சி யாரை விட்டது என்று பார்ப்போம். மாநிலத்தின் உரிமம் பெற்று அதை நடப்பில் வைத்திருக்கும் நகரமைப்பு வல்லுநருக்கு விலக்கு. அடிப்படை வகுப்பைவிட விரிவான ஒரு வகுப்பைச் சமீபத்தில் முடித்ததற்குச் சான்று காட்டுபவருக்கு விலக்கு. இந்த இரண்டும் புரிகிறது. தெரிந்தவரிடம் மறுபடி தெரிந்துகொள் என்று சொல்வது அவருடைய மாலையை வீணடிப்பது. மற்ற இரண்டு விலக்குகள் வேறு ஜாதி. மேயருக்கும் அவர் தம் இடத்தில் அனுப்புகிறவருக்கும் பயிற்சி வேண்டாம். கவுன்சிலிலிருந்து வரும் மூன்றாம் வகுப்பு உறுப்பினருக்கும் வேண்டாம்.

இதற்கு ஒரு நியாயம் சொல்ல முடியும். மேயர் மக்கள் ஓட்டால் வந்தவர். வாரியத்தில் அவருக்கான இருக்கை பதவியோடு ஒட்டி வருவது. ஐந்து மணி நேர வகுப்புக்கு வரவில்லை என்று அந்த இருக்கையைப் பறித்தால், வாக்காளர் கொடுத்ததை ஒரு வகுப்பறை பறித்ததாகும். கவுன்சிலருக்கும் அதேதான். அரசியல் சட்ட உணர்வு உள்ள எவருக்கும் இந்தத் தயக்கம் புரியும்.

ஆனாலும் இந்த நியாயம் நிற்கவில்லை என்றே நினைக்கிறேன். மேயர் தமக்குப் பதிலாக அனுப்புகிறவருக்கு மக்கள் ஓட்டு எதுவும் போட வேண்டியதில்லை. அவருக்கும் விலக்கு என்றால், விலக்கின் அடிப்படை தேர்தல் என்ற வாதம் அங்கேயே ஓட்டையாகிறது. அதைவிடப் பெரிய காரணம் வேறு. அறையில் உள்ளவர்களில் ஊர்ப்பேச்சின் அழுத்தம் அதிகம் விழுவது தேர்தலைச் சந்திக்கும் இந்த இருவர் மீதுதான். எதிர்ப்பவர்கள் நாளைய வாக்காளர்கள். மனுதாரர் வெளியூர் கம்பெனியாக இருக்கலாம், ஊருக்குப் புதிதாக வந்த ஒரு சமூகமாக இருக்கலாம். சாட்சியத்தைக் கேட்டு முடிவெடு, கூட்டத்தைப் பார்த்து முடிவெடுக்காதே என்ற பாடம் யாருக்கு மிகத் தேவையோ அவருக்கே அது வேண்டாமென்று சட்டம் சொல்கிறது.

இந்த ஆபத்து சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாததும் அல்ல. சிறிய ஊர்களில் பிளானிங் போர்டே ஜோனிங் போர்டின் வேலையையும் சேர்த்துப் பார்ப்பதுண்டு. அப்படிப்பட்ட வாரியத்தில், நிலத்தின் பயன்பாட்டையே மாற்றக் கேட்கும் கனமான விதித்தளர்வு மனுக்கள் வந்தால் முதல் வகுப்பு உறுப்பினரும் மூன்றாம் வகுப்பு உறுப்பினரும் கலந்துகொள்ளக் கூடாது என்று அதே நிலப் பயன்பாட்டுச் சட்டம் விதிக்கிறது. அரசியல் பதவியில் இருப்பவர் அந்த நேரத்தில் எழுந்து போய்விட வேண்டும். ஒரு பக்கத்தில் இவ்வளவு எச்சரிக்கையாக இருக்கும் சட்டம், மற்ற மனுக்களில் அவர்கள் உட்கார்ந்து ஓட்டுப் போடும்போது அவர்களுக்கு வகுப்பு வேண்டாம் என்று எப்படி விட்டது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

கனெக்டிகட் இதில் தெளிவாக நடந்துகொண்டது. அங்கே பல ஊர்களில் பிளானிங், ஜோனிங் ஆணைய உறுப்பினர்களே நேரடித் தேர்தலில் வருகிறவர்கள். 2021இல் நிறைவேறிய சட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டவர், நியமிக்கப்பட்டவர் என்று பிரிக்கவில்லை. யாராக இருந்தாலும் வந்த ஓராண்டுக்குள் நான்கு மணி நேரம், பிறகு இரண்டாண்டுக்கு ஒரு முறை. ஏற்கெனவே பதவியில் இருந்தவர்களுக்கு 2024 ஜனவரி 1 கெடு. நான்கில் ஒரு மணி நேரமாவது கட்டுப்படியாகும் விலையிலான வீடுகள், பாகுபாடில்லாத வீட்டுவசதி ஆகியவை பற்றியதாக இருக்க வேண்டும். மக்கள் தேர்ந்தெடுத்தவரை வகுப்பறைக்கு அழைப்பது மக்களை அவமதிப்பதாகாது என்பதை அந்த மாநிலம் சட்டமாகவே எழுதிக் காட்டியிருக்கிறது. அதோடு, விதி கடைப்பிடிக்கப்பட்டது என்று ஆண்டுதோறும் ஊரின் மன்றத்துக்கு எழுத்தில் சொல்ல வேண்டும் என்றும் வைத்திருக்கிறது. இந்தக் கடைசி வரி சிறியது. நான் படித்த பயிற்சிச் சட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நியூயார்க் வேறு பாதையில் போனது. 2006இல் இயற்றப்பட்டு 2007 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த விதி, டவுன், வில்லேஜ், சிட்டி ஆகிய மூன்று வகை ஊர்களின் பிளானிங் போர்டு உறுப்பினர்களுக்கும் ஆண்டுக்கு நான்கு மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. ஜோனிங் முறையீட்டு வாரியத்துக்கும் இதே. ஓராண்டு அதிகமாகப் படித்தால் மிச்ச நேரத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். எந்தப் பயிற்சி செல்லும் என்று முடிவு செய்வது ஊரின் ஆளும் மன்றம். நேரில் வகுப்பு, வீடியோ, தொலைவழிப் படிப்பு எல்லாம் ஏற்கப்படும். மாவட்ட நகரமைப்பு அலுவலகம், மாநிலத் துறை, கல்லூரி, நகராட்சிகளின் மாநிலச் சங்கம் என்று யாரும் நடத்தலாம். தவறியவருக்குத் தண்டனை, மறுநியமனத்துக்குத் தகுதி இழப்பது. நடுவில் இருக்கை தானாகப் போகாது.

நியூ ஜெர்சியில் நான் சொன்ன சிக்கல் நியூயார்க்கின் டவுன்களில் எழாது. டவுன் போர்டு உறுப்பினர் பிளானிங் போர்டில் உட்காரவே கூடாது என்று சட்டம் சொல்லிவிட்டது. ஆனால் முன்வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் பக்கவாசல் வழியாக உள்ளே வருகிறார்கள். ஊரின் நலனுக்கு உகந்தது என்று டவுன் போர்டு கருதினால், ஒரு தீர்மானம் போட்டு இந்தப் பயிற்சியைத் தள்ளுபடி செய்யலாம், மாற்றலாம். யாருக்கு, எதற்காக என்று சட்டம் பட்டியலிடவில்லை. ஊரின் நலன் என்ற இரண்டு சொல் போதும்.

இந்தத் தள்ளுபடி அதிகாரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டிப்பவன் அல்ல நான். நியூயார்க்கின் வட பகுதியில் மக்கள் அடர்த்தி குறைந்த டவுன்கள் பல. ஆண்டு முழுவதும் விரல்விட்டு எண்ணக்கூடிய மனுக்கள்தான் வரும். அங்கே வாரியத்துக்கு ஆள் கிடைப்பதே பாடு. கறவை மாட்டுப் பண்ணை வைத்திருப்பவரிடம், கன்று ஈனும் பருவத்தில் ஒரு நாளை விட்டுவிட்டு மாவட்டத் தலைநகருக்கு வகுப்புக்குப் போ என்றால் அவர் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஊருக்கு ஒரு நல்ல மனிதர் இழப்பு. அவரை இந்த ஆண்டு விட்டுவிடுவது தவறில்லை. தவறு, ஏன் விட்டோம் என்பதை எழுதாமல் விடுவதில் இருக்கிறது. ஒரு விதித்தளர்வு கேட்டு வரும் வீட்டுக்காரரிடம் காரணத்தை நிறுவு, பதிவில் வை என்று கேட்கும் வாரியம், தனக்கே தளர்வு கொடுத்துக்கொள்ளும்போது அதே ஒழுங்கைக் கடைப்பிடிக்கக் கடமைப்பட்டிருக்கிறது.

டென்னசி இன்னும் ஒரு படி இறங்கியது. 2002இல் அங்கே ஆண்டுக்கு நான்கு மணி நேரம் என்று விதி வந்தது. கூடவே, ஊரின் மன்றம் விரும்பினால் ஒரு தீர்மானத்தின் மூலம் முழு விதியிலிருந்தும் வெளியேறிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும் வந்தது. ஒரு தனி மனிதருக்கு ஓராண்டு விலக்குக் கொடுப்பதும் ஓர் ஊர் மொத்தமும் எங்களுக்குப் படிப்பே வேண்டாம் என்று விலகுவதும் ஒன்றல்ல. பின்னதில் கட்டாயம் என்ற சொல்லுக்கு என்ன மிச்சம் இருக்கிறது?

பயிற்சி இல்லாதவர் ஓட்டுப் போட்டால் அந்த முடிவு செல்லுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியூயார்க் சட்டம் இதற்கு நேராகப் பதில் சொல்கிறது: உறுப்பினர் பயிற்சி விதியைக் கடைப்பிடிக்கவில்லை என்ற காரணத்தால் மட்டும் வாரியத்தின் முடிவு செல்லாததாகாது. முதலில் படிக்கும்போது இது விதியின் பல்லைப் பிடுங்கியதுபோலத் தோன்றும். யோசித்தால் வேறு விதமாகத் தெரியும். ஒரு குடும்பம் முறையாக மனு கொடுத்து, அனுமதி வாங்கி, அஸ்திவாரம் போட்டுவிட்டது. மூன்றாவது நாற்காலியில் இருந்தவர் போன ஆண்டு மூன்று மணி நேரம்தான் படித்திருந்தார் என்று தெரிந்துகொண்டு பக்கத்து வீட்டுக்காரர் நீதிமன்றத்துக்குப் போகிறார். உறுப்பினரின் குறைக்கு வீடு கட்டுபவர் பலியாவது எந்த நியாயத்திலும் சேராது. ஆகவே இந்தப் பாதுகாப்பு சரி என்பதே என் கருத்து. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முடிவு செல்லும், இருக்கையும் தானாகப் போகாது, டவுன் போர்டு நினைத்தால் விதியே தளரும் என்று மூன்றும் ஒன்றாகச் சேரும்போது, உறுப்பினரைப் படிக்கவைப்பது சட்டமாக இராது, அவருடைய மனச்சாட்சியாகத்தான் இருக்கும். மனச்சாட்சி உள்ளவர்கள் படிக்கிறார்கள். சட்டம் எழுதப்படுவது மற்றவர்களுக்காக.

தெற்குக் கரோலைனாவின் விலக்குப் பட்டியலில் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அந்த மாநிலத்தின் 2003ஆம் ஆண்டு விதி, புதியவருக்கு ஓராண்டுக்குள் ஆறு மணி நேரமும், பிறகு ஆண்டுக்கு மூன்று மணி நேரமும் கேட்கிறது. தவறுபவரைப் பதவியிலிருந்து நீக்கலாம். விலக்கு, தொழில்முறை நகரமைப்பாளராகச் சான்று பெற்றவருக்கு, நகரமைப்பில் முதுகலையோ முனைவர் பட்டமோ வாங்கியவருக்கு, மாநிலத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்திருப்பவருக்கு. பதவியைப் பார்க்காமல் படிப்பைப் பார்த்துக் கொடுத்த விலக்குகள் என்பதால் இவை நியூ ஜெர்சியினுடையதைவிட மேலானவை. என்றாலும் வழக்கறிஞர் என்ற சொல் மிக அகலமானது. விவாகரத்து வழக்குகளையே வாழ்நாள் முழுவதும் நடத்தியவரும் அந்தச் சொல்லுக்குள் வருகிறார், மனையின் எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்ற செட்பேக் விதி ஒன்றைக்கூட அவர் திறந்து பார்த்திருக்க மாட்டார். நகரமைப்பாளர் விஷயத்தில் சிக்கல் எதிர்த்திசையில். அவருக்கு நிலம் தெரியும், போக்குவரத்து தெரியும், வடிகால் தெரியும். ஆனால் வல்லுநர் என்பதாலேயே, தமக்கு முன்பே தெரிந்ததை வைத்து முடிவெடுத்துவிடும் பழக்கம் அவருக்கு வரலாம். விசாரணையில் வெளிவராத ஒரு தகவலை மனத்தில் வைத்து ஓட்டுப் போட்டால், அதை மறுக்கும் வாய்ப்பு மனுதாரருக்கு இல்லாமல் போகிறது. அவருடைய பட்டம் இதைச் சொல்லித் தந்திருக்குமென்று உறுதியில்லை.

பயிற்சியை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். ஒரு பாதி பொருளறிவு: ஜோனிங் என்பது என்ன, ஊரின் மாஸ்டர் பிளான் எப்படி எழுதப்படுகிறது, மழைநீர் வடிகால் வரைபடத்தை எப்படிப் படிப்பது. இதற்கு விலக்குக் கொடுக்கலாம், சான்று இருந்தால் போதும். மற்ற பாதி விசாரணை ஒழுக்கம்: எப்போது விலகி எழுந்து போக வேண்டும், எதை ஆதாரமாகக் கொள்ளலாம், மனுதாரரோடு தனியாகப் பேசலாமா, ஒரே விதியை எல்லோருக்கும் ஒரே மாதிரி எப்படிப் பொருத்துவது, காரணத்தை எப்படி எழுதுவது. இந்தப் பாதிக்கு எவருக்கும் விலக்குக் கூடாது. மேயருக்கும் கூடாது, வழக்கறிஞருக்கும் கூடாது, முப்பதாண்டு அனுபவமுள்ள நகரமைப்பாளருக்கும் கூடாது. ஒரு மணி நேரம் போதும்.

பெர்னார்ட்ஸில் தவறியது இந்த இரண்டாம் பாதிதான். மசூதிக்கு 150 பேர் வருவார்கள் என்று கணக்கு. ஊரின் விதிப்படி தேவாலயங்களுக்கு மூன்று பேருக்கு ஒரு கார் நிறுத்தும் இடம். அதன்படி 50 இடம் காட்டி மனுதாரர் வந்தார். வாரியம் அந்த விகிதம் மசூதிக்குப் பொருந்தாது என்று சொல்லி, தனிக் கணக்குப் போட்டு 107 இடம் கேட்டது. மனையோ நான்கு ஏக்கர் சொச்சம். பார்க்கிங் கூடினால் தார் போடும் பரப்பு கூடும், மழைநீர் வடிகால் மாறும், வேலியும் மரமும் நகரும், ஒவ்வொன்றுக்கும் புது வரைபடம், புது விசாரணை. மனு நிலுவையில் இருந்த காலத்திலேயே, 2013இல், குடியிருப்புப் பகுதியில் வழிபாட்டிடம் கட்ட ஆறு ஏக்கராவது வேண்டும் என்று டவுன்ஷிப் தன் விதியையும் மாற்றியது.

நில விதிகளில் மதப் பாகுபாடு காட்டக் கூடாது என்று மத்தியச் சட்டம் ஒன்று 2000ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. அதன் கீழ் மனுதாரர் வழக்குப் போட்டார். 2016 நவம்பரில் மத்திய நீதித்துறையும் தனியாக வழக்குத் தொடுத்தது. அந்த ஆண்டின் கடைசி நாளில் நீதிபதி மைக்கேல் ஷிப், தேவாலயத்துக்கு ஒரு பார்க்கிங் அளவுகோலும் மசூதிக்கு வேறு அளவுகோலும் வைத்தது சட்டப்படி மதப் பாகுபாடு என்று தீர்ப்பெழுதினார். 2017 மே மாதம் சமரசம் ஆயிற்று. போக்குவரத்துப் பொறியியல் தெரியாததால் வந்த பிழை அல்ல இது. வாரியத்துக்குப் பொறியாளர்களின் ஆலோசனை தாராளமாகவே கிடைத்தது. எழுதிவைத்த விதியை வருகிறவரைப் பார்த்து மாற்றக் கூடாது என்ற பாடம் விட்டுப்போனது. நிலப் பயன்பாட்டுச் சட்டத்தில் ஐந்து மணி நேரம் படித்த ஒருவர் அந்தப் பாடத்தைக் கேட்காமலே வெளியே வர முடியும். அதைக் கட்டாயப் பாடமாக வைக்கவும் இல்லை, ஓட்டுரிமை உள்ள எல்லோரையும் உட்காரவைக்கவும் இல்லை.

பயிற்சி இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று ஒருவர் கேட்டால், மாறியே இருக்கும் என்று சொல்ல மாட்டேன். தெரிந்தே தவறு செய்பவரை எந்த வகுப்பும் திருத்தாது. ஆனால் ஏழு பேரில், ஒன்பது பேரில், ஓரிருவர் போதும்; இந்த விகிதத்தை நாம் மாற்றலாமா, காரணம் என்னவென்று பதிவில் எழுதப்போகிறோம் என்று கேட்கத் தெரிந்த ஓரிருவர். வாரியத்தின் வழக்கறிஞர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அந்தக் கேள்வி எழுந்தால் பதில் சொல்லிவிடுவார். கேள்வி உறுப்பினரிடமிருந்து வர வேண்டும்.

நியூ ஜெர்சியில் இதைச் சரிசெய்யப் பெரிய சட்டத்திருத்தம் தேவையில்லை. விலக்குப் பட்டியலில் மேயரையும், அவர் அனுப்புகிறவரையும், கவுன்சில் உறுப்பினரையும் குறிக்கும் பகுதியை நீக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டவரின் இருக்கையைப் பறிக்கத் தயக்கம் இருந்தால் பறிக்க வேண்டாம், வகுப்பை முடிக்கும் வரை மனுக்கள் மீது ஓட்டுப் போட முடியாது என்று வைத்தால் போதும். கனமான விதித்தளர்வுகளில் அவர்களை எழுந்து போகச் சொல்லும் ஏற்பாடு முன்பே இருப்பதால், இதற்குப் புதிய கோட்பாடு எதுவும் தேட வேண்டியதில்லை. 18 மாதத்தை நான்கு மாதமாகக் குறைக்கலாம், கென்டக்கி காட்டிய வழி அது. யார் முடித்தார், யாருக்கு என்ன காரணத்தால் விலக்கு என்பதைக் கனெக்டிகட்டைப்போல ஆண்டுக்கொரு முறை எழுத்தில் வெளியிடச் செய்யலாம்.

சட்டம் மாறும் வரை காத்திருக்காமல் ஊர்க்காரர் செய்யக்கூடியதும் உண்டு. வாரியத்தின் செயலரிடம், உறுப்பினர்கள் எந்தத் தேதியில் பயிற்சியை முடித்தார்கள் என்று கேட்கலாம். தர மறுத்தால் நியூ ஜெர்சியில் பொது ஆவணங்களைப் பெறும் சட்டத்தின் கீழ் நகராட்சிக் கிளார்க்கிடம் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். நியூயார்க்கில் டவுன் போர்டின் கூட்டக் குறிப்புகளில் பயிற்சியைத் தள்ளுபடி செய்த தீர்மானம் இருக்கிறதா என்று தேடலாம். இருந்தால், காரணம் எழுதியிருக்கிறதா என்று பார்க்கலாம். இதைக் கேட்க வேண்டிய நேரம், தம்முடைய மனு வாரியத்தின் முன் இல்லாத நேரம். அப்போது கேட்டால் அது சண்டையாகத் தோன்றாது.